ஆறாவது ஆள்தான் கணக்கு: அறுப்பு முடிந்த வயலில் கிராஸ் கன்ட்ரி நடத்தும் முறை

பங்குனியில் பிசான அறுப்பு முடிந்ததும் தாமிரபரணிப் பாசனத்து வயல்கள் கொஞ்ச நாள் சும்மா கிடக்கும். உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கென்று சென்னை, கோயம்புத்தூர், மும்பையில் இருக்கிற பிள்ளைகளும் ஊருக்கு வந்துவிடுவார்கள். நிலமும் ஆளும் ஒரே சமயத்தில் கிடைப்பது அந்த ஒரு வாரம்தான். நம் பக்கத்து இளைஞர் மன்றங்கள் அந்த வாரத்தில் என்ன செய்கின்றன? தார் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் ஓடவிட்டு, ‘மாபெரும் மாரத்தான்’ என்று பேனர் கட்டுகின்றன. முதல் மூன்று பேருக்குக் கோப்பை. மற்றவன் எல்லாம் பனியன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான்.

பாளையங்கோட்டைப் பக்கம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் ஊர்ப் பையன்கள் வந்து, “சார், எங்க ஊர்லயும் ஒண்ணு நடத்தணும், எப்படின்னு சொல்லுங்க” என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ரோட்டை விட்டு வயல், புல், மேடு பள்ளம் வழியே ஓடுவதுதான் கிராஸ் கன்ட்ரி. பெரும்பாலும் ஐரோப்பாவில் 1903 முதல் 1972 வரை நடந்த சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டியின் பழைய முறை இது. அதை நம் வயலுக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி கொஞ்சம் வளைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் போட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்காட்லாந்தில் ஹாமில்டன் குதிரைப் பந்தயத் திடலில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்று நாலே நாடுகள் ஓடின. 1907-ல் பிரான்ஸ் சேர்ந்தது. பிறகு பெல்ஜியம், ஸ்பெயின் என்று கூட்டம் பெருகியது. இரண்டாம் உலகப் போரில் நின்றுபோய், 1946-ல் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் மறுபடி தொடங்கியது. 1950-களில் பெரியவர்கள் ஓடிய தூரம் ஏறக்குறைய 9 மைல், அதாவது 14.5 கிலோமீட்டர். புல், சேறு, மேடு, பள்ளம் எல்லாம் உண்டு. 1973-ல் இதற்குப் பதிலாக உலக கிராஸ் கன்ட்ரி போட்டி பெல்ஜியத்தின் வாரேகம் நகரில் தொடங்கியது.

நமக்கு வேண்டியது அவர்களுடைய கணக்கு. ஒரு நாட்டுக்கு ஒன்பது பேர் ஓடலாம். அதில் முதலில் வந்து சேருகிற ஆறு பேருடைய இடத்தைக் கூட்ட வேண்டும். முதலாவதாக வந்தவனுக்கு 1, நாற்பதாவதாக வந்தவனுக்கு 40. கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அதுவே வெற்றி. ஆறு பேரும் முதல் ஆறு இடங்களைப் பிடித்தால் 21. அதற்குக் கீழே போக வழியில்லை.

இந்தக் கணக்கு ஓட்டத்தையே மாற்றிவிடும். பெல்ஜியத்துக்காரர் காஸ்டன் ரோலான்ட்ஸ் 1962, 1967, 1969, 1972 என்று நாலு முறை முதலாவதாக வந்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் (தடையும் தண்ணீர்க் குழியும் தாண்டி ஓடுவது) தங்கமும் அவருடையதுதான். அந்த நாலு வருஷமும் அணிக் கோப்பை போனது இங்கிலாந்துக்கு. 1960-ல் மொராக்கோவின் ராடி பென் அப்தஸ்ஸலாம் முதலில் வந்தார். கோப்பை அப்போதும் இங்கிலாந்துக்கு. ஊரில் ஒரு சூரப்புலி இருந்தால் போதாது. ஆறாவது ஆள் எங்கே வருகிறான் என்பதுதான் கேள்வி.

நிலம் பார்ப்பது

மாசிக் கடைசியிலேயே வயல்காரர்களைப் போய்ப் பாருங்கள். மன்றத்துத் தலைவரை மட்டும் அனுப்பாமல் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். “அண்ணாச்சி, அறுப்பு முடிஞ்சு உழவு போடுததுக்கு முன்ன ஒருநா காலைல மட்டும்” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். குத்தகைக்கு விட்ட வயல் என்றால் குத்தகைக்காரரிடமும் கேட்க வேண்டும். அறுத்த கையோடு உளுந்து விதைக்கிறவர்கள் உண்டு. முளை தெரியாத வயலில் ஓடவிட்டு வம்பை வாங்காதீர்கள்.

அறுப்பு மெஷின் போன வயலில் இரண்டு தொல்லை. ஈரத்தில் இறங்கிய சங்கிலித் தடம் காய்ந்து கல்லாகிக் கிடக்கும். அதில் கணுக்கால் பிசகும். அறுத்த நெல்லின் அடித்தாள் முக்கால் அடி உயரத்துக்கு விறைத்துக்கொண்டு நிற்கும், வெறுங்காலைக் கிழிக்கும். ஓடுகிற பாதையில் மட்டும் மூன்று மீட்டர் அகலத்துக்கு ஒரு தடவை பரம்பு இழுத்துவிட்டால் இரண்டும் அடங்கும். டிராக்டர்காரருக்கு டீசல் காசு கொடுத்தால் ஆகிற வேலை. கிடை போட்ட வயல் அமைந்தால் ஆடுகளே தாளை மிதித்துப் போட்டிருக்கும். புழுக்கையை மிதித்ததால் எந்த ஓட்டக்காரனும் கெட்டுப்போகவில்லை.

மானூர்ப் பக்கம் கரிசலில் நடத்துகிறவர்கள் வெடிப்புகளைப் பார்த்துப் பாதை போட வேண்டும். பங்குனியில் கால் உள்ளே போகிற அளவுக்கு நிலம் பிளந்திருக்கும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துக்காரர்களுக்குத் தேரி இருக்கிறது. செம்மணலில் கால் புதைய ஓடுவதற்கு இணையான பயிற்சி வேறில்லை. ஆனால் முழு ஓட்டத்தையும் தேரியில் வைக்காதீர்கள். ஒரு சுற்றில் முந்நூறு மீட்டர் தேரி வந்தாலே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

சுற்றுப்பாதை இரண்டரை கிலோமீட்டர் இருக்கட்டும். பெரியவர்களுக்கு நாலு சுற்று, பத்து கிலோமீட்டர். பள்ளிப் பையன்களுக்கு இரண்டு சுற்று. ஊர்க்காரர்கள் நிற்கிற இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டம் கடந்துபோக வேண்டும். பழைய போட்டியைக் குதிரைப் பந்தயத் திடல்களில் அடிக்கடி வைத்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். டப்ளின் பக்கத்து பால்டாயில், ஸ்பெயினின் சான் செபாஸ்தியான், வாரேகம் எல்லாம் அப்படித்தான். அங்கே அகலமான புல்தரை இருக்கும், பார்க்கிறவனுக்கு நிற்க இடம் இருக்கும். நமக்குக் குளத்தங்கரை போதும். கரைமேல் நின்றால் வயல் முழுக்கத் தெரியும். கரையில் ஏறி இறங்குவதையே பாதையில் சேர்த்துவிட்டால் மேடும் ஆயிற்று.

வாய்க்கால் ஒன்றை அவசியம் தாண்ட வையுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். முந்தின நாள் இரண்டு பேர் இறங்கிக் காலாலும் கையாலும் துழாவிப் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பற்றிப் பயமில்லை. உடைந்த பாட்டில் சில்லைப் பற்றித்தான் பயம். நடு வயலில் ஒன்றைத் தண்ணீர் பாய்ச்சித் தொழி ஆக்கினால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதைக் கடைசிச் சுற்றின் முடிவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். களைத்த கால் சேற்றில் சிக்கினால் தசை பிடிக்கும்.

தூரம் அளக்கப் போனில் ஆப் இருக்கிறது. எனக்கு அதைவிடச் சைக்கிள் மேல் நம்பிக்கை அதிகம். முன்சக்கரத்துக் கம்பியில் சிவப்புத் துணி கட்டி, மண்ணில் ஒரு சுற்று உருட்டி, அந்த நீளத்தை டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாதை நெடுக உருட்டிக்கொண்டு போய்ச் சுற்றை எண்ணிப் பெருக்கினால் தூரம். வளைவுகளுக்குச் சவுக்குக் கம்பு நட்டுத் துணி கட்டுங்கள். இடதுபுறம் திரும்ப வேண்டிய இடத்தில் சிவப்பு, வலதுபுறத்துக்கு மஞ்சள். சுண்ணாம்புக் கோட்டை மட்டும் நம்பினால் காலைப் பனியிலும் சேற்றிலும் காணாமல் போகும்.

வெயில்

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தை ஜூலை மாதத்துக் கடும் வெயிலில் வைத்தார்கள். புறப்பட்டவர்கள் 38 பேர்; முடித்தவர்கள் 15 பேர். பின்லாந்தின் பாவோ நூர்மி ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடி முதலில் வந்தார். மற்றவர்கள் வழியில் மயங்கி விழுந்தார்கள், திடலுக்குள் திசை தெரியாமல் தள்ளாடினார்கள். அதோடு ஒலிம்பிக்கிலிருந்தே கிராஸ் கன்ட்ரியை எடுத்துவிட்டார்கள். குளிர் நாட்டுக்காரர்களின் கதி அது. பழகிய வெயில்தானே என்று நம் ஆட்கள் ஒன்பது மணிக்குச் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்காதீர்கள். பெரியவர்கள் ஓட்டம் காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டும். விருந்தினர் பரிசு கொடுக்க வந்தால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தண்ணீர், முடிவில் உப்புப் போட்ட நீச்சத்தண்ணி. பதனியும் அந்தச் சமயத்தில் கிடைக்கும். அதை ஓட்டம் முடிந்து அரை மணி கழித்துக் கொடுங்கள். ஆம்புலன்ஸ் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு காரும் ஓட்டுநரும் சாவியோடு தயாராக நிற்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

புறப்பாடு

ஒவ்வொரு அணிக்கும் கோட்டில் ஒன்றரை மீட்டர் அகலத்தில் தனிக்கட்டம் போடுங்கள். எந்தக் கட்டம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அணியில் வேகமான இருவர் முன்னால், மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். பழைய சர்வதேசப் போட்டியிலும் நாட்டுக்கு ஒரு கட்டம் என்றுதான் நின்றார்கள். கோட்டிலிருந்து முதல் முந்நூறு மீட்டராவது வளைவோ வரப்போ இல்லாத திறந்த நிலமாக இருக்கட்டும். பத்து அணி வந்தால் தொண்ணூறு பேர். எல்லாரும் முதல் நூறு மீட்டரில் குதிரை மாதிரி பாய்வான்கள். உடனே குறுகலான வரப்பு வந்தால் பின்னால் நிற்பவன் முகத்தில் முழங்கை படும்.

காலுக்கு என்ன போடுவது என்று கேட்பார்கள். நல்ல பிடிப்புள்ள கேன்வாஸ் ஷூ போதும். வெறுங்காலில் ஓடிப் பழகியவனை மறிக்காதீர்கள். ஜாக் ஹோல்டன் என்ற இங்கிலாந்துக்காரர் இந்தச் சர்வதேசப் போட்டியை 1933, 1934, 1935, 1939 என்று நாலு முறை வென்றவர். 1950-ல் ஆக்லாந்தில் நடந்த எம்பயர் விளையாட்டு (இப்போதைய காமன்வெல்த் விளையாட்டு) மாரத்தானில், நனைந்த ஷூ தொல்லை கொடுக்க, அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை வெறுங்காலோடு ஓடினார். வழியில் ஒரு பெரிய நாய் வேறு துரத்தியது. அப்படியும் வென்றார், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. நாய் நம் ஊரிலும் உண்டு. களத்துமேட்டு நாய்களை அந்தக் காலை மட்டும் கட்டிப் போடச் சொல்லி முந்தின நாளே வீடுவீடாகச் சொல்லிவிடுங்கள்.

வந்து சேருமிடமும் சீட்டும்

சண்டை வருகிற இடம் இது. இங்கேதான் அனுபவமுள்ள ஆட்களை நிறுத்த வேண்டும். முடிவுக்கோட்டில் ஐந்து மீட்டர் அகலம்; அங்கிருந்து கயிறு கட்டிப் புனல் வடிவில் குறுக்கி, கடைசியில் ஒரு ஆள் மட்டும் போகிற சந்தாக முடியட்டும். சந்து இருபத்தைந்து மீட்டர் நீளம் வேண்டும். கோட்டைத் தாண்டிய பிறகு யாரும் யாரையும் முந்தக்கூடாது. வந்த வரிசையிலேயே நடக்க வேண்டும். யாராவது சந்தில் மயங்கி உட்கார்ந்தால் அவர் இடத்தைக் குறித்துக்கொண்டு ஆளை வெளியே தூக்குங்கள்.

சந்தின் முடிவில் ஒருவர் 1, 2, 3 என்று எண் எழுதிய சீட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு, வருகிறவன் கையில் ஒவ்வொன்றாகக் கொடுப்பார். பக்கத்தில் இன்னொருவர் மார்பு எண்ணை வரிசையாக எழுதுவார். மூன்றாமவர் கோட்டிலேயே நின்று நேரம் சொல்வார். மூன்றும் ஒத்துப்போனால் எந்த ஊர்க்காரன் வந்து சத்தம் போட்டாலும் கவலையில்லை. ஓட்டக்காரன் தன் சீட்டை அணித் தலைவனிடம் கொடுக்க, தலைவன் ஆறு சிறிய எண்களை ஒரு உறையில் போட்டு மேசையில் ஒப்படைப்பான். கணக்கைக் கரும்பலகையில் எல்லாரும் பார்க்க எழுதுங்கள். கம்ப்யூட்டரில் போட்டுக் கடைசியில் அறிவிப்பதைவிட, கண்முன்னே கூட்டல் ஏறுவதைப் பார்க்கிறபோது கூட்டம் கலையாது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே அணி. அணிக்கு ஒன்பது பேர். மேலத்தெருவில் ஒருவன் பாதியில் நின்றுவிட்டான். முடித்தவர்கள் 17 பேர்.

மேலத்தெருக்காரர்கள் வந்த இடம்: 1, 2, 3, 12, 14, 15, 16, 17.
கீழத்தெருக்காரர்கள் வந்த இடம்: 4, 5, 6, 7, 8, 9, 10, 11, 13.

முதல் மூன்று இடமும் மேலத்தெருவுக்கு. நம் ஊர் வழக்கப்படி அவர்கள் வெடி போட்டுவிடுவார்கள். இப்போது கூட்டுங்கள். மேலத்தெரு: 1, 2, 3, 12, 14, 15, மொத்தம் 47. கீழத்தெரு: 4 முதல் 9 வரை, மொத்தம் 39. கோப்பை கீழத்தெருவுக்கு.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பையன்களுக்கு நான் மெனக்கெட்டு விளக்குவது அதைத்தான். கீழத்தெருவின் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது ஆட்கள் வந்த இடம் 10, 11, 13. அவர்கள் எண் அணிக் கணக்கில் சேராது. அதனால் அவர்கள் ஓடியது வீண் என்று நினைத்தால், அவர்கள் ஓடவே இல்லை என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். மேலத்தெருவின் 12, 14, 15 என்பவை 10, 11, 12 ஆகிவிடும். கூட்டினால் 39. இரண்டு அணியும் சமம்! கணக்கில் சேராத மூன்று பேர் எதிரணியின் தலையில் எட்டுப் புள்ளி ஏற்றியிருக்கிறார்கள். இதைக் கரும்பலகையில் ஒருமுறை பார்த்த பையன், ‘நான் ஒன்பதாவது ஆள்தானே சார்’ என்று பிறகு சோம்ப மாட்டான்.

சமமாக வந்தால் எந்த அணியின் கடைசிக் கணக்கு ஆள், அதாவது ஆறாவது ஆள், முன்னால் வந்தானோ அந்த அணிக்குக் கோப்பை. இந்த விதியைப் புறப்பாட்டுக்கு முன்னாலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். ஆறு பேர் முடிக்காத அணிக்கு அணிக் கணக்கே கிடையாது, அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்ட அணியின் ஆட்களை வரிசையிலிருந்து நீக்கிவிட்டு எண்ணுவதா, நீக்காமல் எண்ணுவதா என்பதில் இரண்டு வழக்கமும் உண்டு. நான் நீக்க மாட்டேன். வந்த இடம் வந்த இடம்தான்.

இப்போதைய உலகப் போட்டியில் ஆறு பேர் ஓடி நாலு பேரைக் கணக்கிடுகிறார்கள். சின்ன ஊர்களுக்கு ஆள் கிடைக்காவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் நாலு போதாது. நாலு பேரை எந்த ஊரிலும் தேற்றிவிடலாம். ஆறு பேர் வேண்டுமென்றால்தான் பந்து விளையாடுகிறவனையும் சுமை தூக்குகிறவனையும் கூப்பிட்டுப் பழக்க வேண்டி வரும்.

பழகுவது

ஆறு வாரம் இருந்தால் ஓரளவு தேறும். வாரத்தில் மூன்று நாள் மெதுவான நீண்ட ஓட்டம், ஒரு நாள் கரைமேட்டில் ஏறி இறங்குவது. வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து ஓட வேண்டும். அன்றைக்கு வேகத்தைத் தீர்மானிப்பது கடைசியில் வருகிறவன். முன்னால் இருப்பவனுக்கு இது பிடிக்காது. “ஏலே, ஒங்கூட வாரவன விட்டுட்டு எங்கல ஓடுத?” என்று நான் கத்திக்கொண்டேதான் சைக்கிளில் பின்னால் போவேன். மாதிரி ஓட்டம் வைக்கும்போது முதல் ஆளின் நேரத்தைக் குறிப்பதோடு நிற்காமல், முதல் ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் இடைவெளி எத்தனை வினாடி என்று எழுதி வாருங்கள். அந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் சுருங்கினால் அணி தேறுகிறது என்று அர்த்தம்.

தனியாள் திறமைக்கும் மரியாதை உண்டு. தனிக் கோப்பை கொடுங்கள். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சுக்காக ஓடிய ஆலென் மிமூன் போரில் காலில் குண்டடி பட்டவர். ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாடபெக்குக்குப் பின்னால் மூன்று முறை வெள்ளி வாங்கினார். அந்த வருஷங்களிலேயே சர்வதேச கிராஸ் கன்ட்ரியில் 1949, 1952, 1954, 1956 என்று நாலு முறை முதலில் வந்து, கடைசியில் 1956 மெல்போர்ன் மாரத்தானில் ஜாடபெக்கை வென்று தங்கமும் வாங்கினார். மேலே சொன்ன ராடி, 1960 ரோம் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடிய அபெபே பிக்கிலாவுக்கு அடுத்து வந்தவர். வயலில் ஓடிப் பழகியவனுக்கு ரோடு ஒரு பொருட்டில்லை. ரோட்டில் மட்டும் பழகியவனை வயலில் விட்டுப் பாருங்கள், முதல் வாய்க்காலிலேயே தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு ஓட்டம் வைக்காமல் விடாதீர்கள். அந்தச் சர்வதேசப் போட்டியே இதில் பிந்திப்போனது. 1967-ல்தான் பெண்களுக்கு முறையாக வைத்தார்கள். அமெரிக்காவின் டோரிஸ் பிரவுன் 1967 முதல் 1971 வரை வரிசையாக ஐந்து முறை வென்றார். நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் முடிக்கிறார்கள். உடை மாற்ற ஒரு மறைவிடமும் கூட ஒரு டீச்சரும் இருந்தால் வீட்டில் அனுப்புவார்கள். அவர்களுக்கும் அணிக் கணக்கு வையுங்கள். ஆறு ஓடி நாலு என்றாலும் சரி.

பரிசு கொடுக்கும்போது வென்ற அணியின் ஒன்பது பேரையும் மேடைக்கு ஏற்றுங்கள். கோப்பை பெரிதாக வேண்டாம். அந்தக் காசில் ஒன்பது பதக்கம் வாங்கலாம்.

எல்லாம் முடிந்த அன்று மாலையே கம்பும் கயிறும் பிடுங்கிவிட வேண்டும். நடும்போதே எத்தனை கம்பு என்று எழுதி வைத்து, எடுக்கும்போது எண்ணிச் சரிபாருங்கள். ஒடிந்த கம்பின் முனை ஒன்று மண்ணுக்குள் தங்கி டிராக்டர் டயரிலோ மாட்டுக் காலிலோ ஏறினால், அடுத்த பங்குனிக்கு அந்த வயல்காரர் வாசலில் போய் நிற்க முடியாது. இடித்த வரப்பை மண்வெட்டி எடுத்து அணைத்து, வாய்க்கால் மடையை இருந்தபடி அடைத்துவிட்டு, வயல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.